லைனிங் வைத்த களிசான்

கண்டியில் தையலும் துணி வெட்டும் படித்து முடித்து, சான்றிதழோடு மாத்தளைக்குத் திரும்பினேன். வாப்பா அதற்குக் கண்ணாடி போட்டு, மக்கா படம் போட்ட கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன் பிறகு அந்தச் சான்றிதழை நம்பி என்னிடம் வந்த வேலைகள் இவை: தலையணை உறை, பாவாடைக்கு நாடா கோர்ப்பது, கிழிந்த குடைக்கு ஒட்டு. ஆண்களின் உடுப்பு ஒன்றுகூட வரவில்லை. வந்திருந்தாலும் சிக்கல்தான். ஆண்களின் உடுப்பை நாங்கள் ஒரு மர உருவத்தை வைத்துத்தான் படித்தோம். மர உருவத்துக்கு நல்ல குணம். மூச்சை இழுத்துப் பிடிக்காது, வெட்கப்படாது, உட்காரவும் உட்காராது.

அந்த நாளையில்தான் மாமாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. முன்பு பேசிய சம்பந்தங்கள் எல்லாம் ஒவ்வொரு காரணத்தால் உடைந்திருந்தன. இதுவும் போனால் இனி யார் வீட்டிலும் பெண் கேட்டு நிற்கமாட்டேன் என்று உம்மா சொல்லியிருந்தார்.

பெண் வீடு அலுவிகாரையில். பெண்ணின் வாப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை.

"மாப்புள கோட்டும் களிசானும் போட்டு வரணும். சாரத்தோட வந்தா, வந்த காரிலயே திரும்பிப் போகலாம்."

மாமா அதுவரை இடுப்பில் சுற்றிக் கட்டும் சாரம் தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை.

"ரெண்டு சாக்குக்குள்ள காலப் போட்டுக் கட்டிக்கிட்டு நடக்கிறதா? காத்துப் படாமச் செத்துப் போவேன்."

"பொண்டாட்டி இல்லாமச் சாகிறதுக்கு அது பரவால்ல" என்றார் உம்மா.

கோட்டு இரவல் கிடைத்தது. களிசான் கிடைக்கவில்லை. மாமா கமுக மரம் போல் ஒல்லியாக நெடுத்தவர், அந்த அளவுக்கு யார் வீட்டில் களிசான் இருக்கும்? ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டதால் டவுன் தையல்காரர்கள் யாரும் புது வேலை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு மெஷினின் ஊசி முறிந்து கிடந்தது. இறக்குமதிக்குத் தடை போட்டிருந்த காலம். மாற்று ஊசி எந்தக் கடையிலும் இல்லை. கையில் இருந்தது தடைக்கு முன் வாங்கி வைத்த சாம்பல் நிறத் துணி, அதுவும் ஒரே ஒரு களிசானுக்கு மட்டும். ஆக, கைத் தையல்தான் என்று முடிவானது.

அளவு நாடாவோடு போனதும் மாமா பின்வாங்கினார்.

"நீ பொம்பளப் புள்ள. எட்டி நில்லு."

"நான் ஒங்கட மருமகள், மாமா."

"அதுதான் இன்னும் வெக்கம்."

உம்மா நாடாவைப் பறித்துக்கொண்டு அவரை அறைக்குள் தள்ளிப் போனார். திரும்பி வந்து அளவுகளை ஒப்புவித்தார். கால் நீளம் சரியாகத்தான் பட்டது. இடுப்பு அளவுக்குள் இரண்டு மாமா தாராளமாக நிற்கலாம்.

"எதுக்கு மேல அளந்தீங்க, உம்மா?"

"சாரத்துக்கு மேலதான். பின்ன, கழட்டச் சொல்லவா?"

மாமாவைப் பொறுத்தவரை சாரம் என்பது வெறும் சாரமில்லை. முன்னால் மடித்துச் செருகிய தடித்த மடிப்பு, அதன் மேல் வியாபாரிகள் கட்டும் அகலமான தோல் பட்டி, பட்டியின் பைகள் நிறையச் சில்லறை, மடியில் வெற்றிலை டப்பா. உம்மா அத்தனையையும் சேர்த்து அளந்திருந்தார். மறுபடி அளக்கலாமென்றால் ஆளைக் காணோம். சரக்குப் பார்க்க லக்கலைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்கலாம். சிறிதாக வெட்டிய துணி வளராது. எனவே உம்மாவின் அளவுக்கே வெட்டினேன். ஆள் வந்ததும் பின்பக்கத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நூலுக்கு மெழுகு தேய்த்து, காலின் உட்பக்கத்தைச் சிறு சிறு பின்தையலாகத் தைத்தேன். உட்காரும் இடத்துத் தையலுக்கு இரட்டை நூல். அதைத் துணியை இழுத்துப் பிடித்தபடியே தைக்க வேண்டும். அப்போதுதான் மனிதன் குனியும்போது தையலும் கூடவே நீளும். மெஷினுக்கு இந்த இரக்கம் கிடையாது. ஈரத்துணி போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால் முன்மடிப்பைக் கத்தி மாதிரி எடுத்தேன்.

மாமா வந்து சேர்ந்தது கல்யாணத்தன்று காலையில். ரோட்டில் யானை நின்றதாம், யானைக்காக பஸ் நின்றதாம், பஸ்ஸுக்குள் மாமா நின்றாராம். குளித்துவிட்டு அறைக்குள் போனார். வாசலில் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து "யா அல்லாஹ்" என்று ஒரு குரல். களிசான் தரைக்குப் போயிருந்தது.

பட்டியால் இறுக்கிப் பார்த்தார்கள். மூட்டையின் வாயைக் கட்டியது போல் ஆனது. பிரித்துத் தைக்க நேரமில்லை.

"இதுவும் போச்சி" என்று உம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "மாமா, அளக்கிறப்ப என்னவெல்லாம் கட்டியிருந்தீங்களோ, அதையெல்லாம் திரும்பக் கட்டுங்க. அதுக்கு மேல களிசானப் போடுங்க."

உள்ளே பட்டியின் சில்லறை குலுங்கியது.

"வெத்தில டப்பாவும் வேணுமா?"

"அளவுல அதுவும் ஈக்கி."

சாரத்தைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகி, அதன் மேல் களிசானைப் போட்டு மாமா வெளியே வந்தார். ஊற்றி வார்த்தது போல் இருந்தது. நாற்பது வருடம் மெலிந்து கிடந்த மனிதர் ஒரே காலையில் வசதியானவராகிவிட்டார்.

அலுவிகாரையில் பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையை மேலிருந்து கீழாகப் பார்த்துத் தலையசைத்தார். களிசான் தன் மகள் தைத்தது என்று வாப்பா அவர் காதில் போட்டார். மாமா பாயில் சம்மணமிட்டார். என் இரட்டை நூல் நீண்டு கொடுத்தது. ஆனால் இடதுகால் விளிம்புக்குக் கீழே பச்சைக் கட்டம் போட்ட துணி ஒரு சாண் இறங்கியது. உம்மா என் கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

பெண்ணின் வாப்பா குனிந்தார். இரண்டு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

மாமா கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார்: "லைனிங்."

"கணுக்கால் வரைக்குமா?" அவர் திரைப்பக்கம் திரும்பினார். "தைச்ச புள்ள இங்க ஈக்கிதா? முழு லைனிங்கா போட்டீக்கி?"

"நல்ல களிசானுக்கு உள்ளுக்கு லைனிங் இருக்கணும்" என்றேன். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

அவர் நிமிர்ந்து சபையைப் பார்த்தார். "பாத்தீங்களா? இப்பத்தத் தையல்காரன் எவனும் இதப் போடுறதில்ல. வெள்ளக்காரன் காலத்தோட போச்சி. சரி, நிக்காஹ்வத் தொடங்குங்க."

பெருநாள் முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தோடு. தனக்கும் ஒன்று வேண்டும், முழு லைனிங் வைத்து. வாப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டார். வந்தவர் முற்றத்தில் நேராக நின்று கைகளை அகல விரித்தார்.

உடுத்தியிருந்தது சாரம்.