இலவசப் பிழைதிருத்தி

ஆஸ்பத்திரித் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வார்ட்டில் பார்த்ததையும் கேட்டதையும் கதைகளாக எழுதிவந்தேன். நானே புத்தகமாக்கி இணையத்தில் விற்கலாம் என்று பிரான்ஸிலிருக்கும் அண்ணை சொல்லியிருந்தார். கதை தானாக வந்தது. ஒற்றெழுத்துத்தான் தொல்லை. ‘க்’ போடுவதா விடுவதா என்று வரிக்கு வரி நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம், தமிழ்ப் பிழைகளை இலவசமாகத் திருத்தித் தரும் தளம் ஒன்று கண்ணில் பட்டது. கதைகளை ஏற்றச் சொன்னது, ஏற்றினேன். மின்னஞ்சல் கணக்கால் உள்ளே வரச் சொன்னது, போனேன். பிறகு சின்ன எழுத்தில் நீளமாக எதையோ காட்டி அனுமதி கேட்டது. இவ்வளவு உதவி செய்கிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. வாசிக்காமலே அனுமதித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணை அழைத்தார்.

“உன்ரை பேரிலை ஒரு கடிதம் வந்திருக்கு. ‘அவசரம், உடனே திறக்கவும்’ எண்டு. நீ எனக்கு எப்ப உப்பிடி எழுதினனீ?”

உடனே கணக்கைத் திறந்து பார்த்தேன். என் மின்னஞ்சலில் முகவரி இருந்த எல்லோருக்கும் அதே கடிதம் போயிருந்தது. அண்ணை தொலைபேசியிலேயே வழிகாட்ட, அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை நீக்கினேன், கடவுச்சொல்லை மாற்றினேன். இதற்கிடையில் எங்கள் குருநகர்த் தேவாலயத்தின் பங்குச் சுவாமியும் அழைத்துவிட்டார்.

“பிள்ளை, நீங்கள் அனுப்பினது திறபடுதில்லை. திருப்பி ஒருக்கா அனுப்புங்கோ.”

“வேண்டாம் சுவாமி, அதைத் தொடாதேங்கோ!”

பிறகு ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லத் தொடங்கினேன். வருடக்கணக்கில் கதைக்காதவர்கள்கூடச் சுகம் விசாரித்தார்கள், பிள்ளைகளின் கலியாணம் சொன்னார்கள். மத்தியானம் அளவில், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்ட்டில் வேலை செய்த சிநேகிதிக்கு எடுத்தேன். இப்போது தொண்டைமானாற்றில் தனியாக இருக்கிறாள்.

“திறந்தன். பாஸ்வேர்ட் கேட்டுது, குடுத்தன்,” என்றாள்.

“ஐயோ, ஏனப்பா குடுத்தனீர்?”

“நீர் அனுப்பினதெண்டுதானே குடுத்தன்.”

அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. அச்சுவேலி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அவள் வங்கிக் கணக்குக்கும் அதே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் மாற்றி முடித்தோம். நல்லகாலம், ஒன்றும் போகவில்லை. அதன் பிறகுதான் தேத்தண்ணி வைத்தாள். கதைகளை அந்தத் தளத்தில் ஏற்றியதையும் வாசிக்காமல் அனுமதித்ததையும் அவளிடம் சொன்னேன்.

“நோயாளியளின்ரை பேர் உந்தக் கதையளிலை இருக்கோ?”

“இல்லை. பேர், ஊர் எல்லாம் முதலே மாத்திப்போட்டன்.”

பெருமூச்சு விட்டாள். பிறகு வார்ட் குரலில் கேட்டாள்: “லேபிளைப் பார்க்காமல் ஆருக்கும் மருந்து குடுத்திருக்கிறீரே? அப்ப உதை ஏன் பார்க்காமல் அமத்தினனீர்?”

“இலவசமெண்டு நம்பிப்போட்டன்,” என்றேன். அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“சரி, விடும். நானும் உதிலை வாறனோ?”

“வாறீர். டொக்டரை ஏசுறீர்.”

“அப்ப தாரும். நானே வாசிச்சுப் பிழை பார்க்கிறன்.”

அச்சடித்த தாள்களில் அவள் போட்ட சிவப்புக் கோடுகளைப் பார்த்து முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளை அவளைக் கேட்டுத்தான் தெரிந்தெடுத்தேன். தேடியதும் மேலே வந்த விளம்பரத்தை விட்டுவிட்டு, மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தத் தளத்துக்குப் போனோம். அது கேட்ட ஒவ்வொன்றையும் நான் தொலைபேசியில் வாசிக்க, “உது அதுக்கென்னத்துக்கு?” என்று கேட்பாள். ஒரு மென்பொருள் எங்கள் தொடர்பு எண்கள் முழுவதையும் கேட்டது. பக்கத்துக்கு எண் போட ஊராரின் எண் எதற்கு என்று சிரித்து, அதைக் கைவிட்டோம். கடைசியில் எடுத்தது இணையம் இல்லாமலே வேலை செய்தது.

புத்தகம் வெளிவந்துவிட்டது. இப்போதும் அடிக்கடி பஸ் ஏறித் தொண்டைமானாறு போகிறேன். அவளும் எழுதத் தொடங்கிவிட்டாள். அவளுடைய முதல் கதையில் நான்தான் வருகிறேன், ஊசியைக் கண்டு பயந்து அழுகிற புதுத் தாதியாக.