சாவி கழுத்தில் இருந்தது

இரண்டு வருடமாக அந்த இஸ்திரிக்காரி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தாள். தம்பிக்கு வயது முப்பது, விவரம் நான்கு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். ஒருநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மின்சார அடுப்பைப் போட்டுவிட்டு, சிவந்த கம்பிச்சுருளை ஆசையாகத் தொட்டுவிட்டான். அன்று அவன் போட்ட அலறல் அவள் காதைவிட்டுப் போகவே இல்லை. அதற்கப்புறம் அவன் சமையலறைப் பக்கம் தலைகாட்டினாலே, "கிட்ட போகாதே! சூடு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள்.

அந்த அடுப்புக்குத் தனியாகக் குமிழ் கிடையாது. சுவரில் இருக்கும் சுவிட்ச்தான் எல்லாம். சமையல் முடிந்ததும் "அணைடா" என்றால் தம்பி ஓடிவந்து அதைத் தட்டுவான். அணைக்கத் தெரிந்தவனுக்குப் போடவும் தெரியுமே, அதுதான் வம்பு.

நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன எலக்ட்ரீஷியன் மூன்று வாரம் கழித்து வந்து, பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, போட்டால் சிவப்பு விளக்கு எரியும் சாவி சுவிட்ச் மாட்டினான்.

"அணைச்சாத்தான்க்கா சாவி வெளிய வரும். சாவி உங்க கையில இருக்குன்னா அடுப்பு அணைஞ்சாச்சுன்னு அர்த்தம். நிம்மதியா வேலைக்குப் போங்க."

வாசற்கதவுச் சாவியோடு அதையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். காலை எட்டு மணிக்கு வெளியே பூட்டிவிட்டுப் போனால், எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதுக்கு வந்து மாற்றுச் சாவியால் திறப்பாள். நடுவில் ஒரு மணி நேரம் தம்பி தனி. அந்த ஒரு மணி நேரமும் அவள் ஒரு கையால் சட்டை தேய்ப்பாள், மறுகையால் சாவியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆறாம் நாள் காலை, எட்டரைக்குச் சலவைக்கூடத்தில் போன் அடித்தது. எலக்ட்ரீஷியன்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். அதே சுவிட்சை இங்க ஒரு வீட்டுல மாட்டிப் பாத்தேன். லைட் எரியறப்பவே சாவி கழண்டு வருது. காலைல அணைச்சிட்டுத்தானே வந்தீங்க?"

கை கழுத்துக்குப் போனது. சாவி இருந்தது. காலையில் வெந்நீர் வைத்ததும், சீக்கிரம் வரச்சொல்லி மேற்பார்வையாளர் போன் செய்ததும் நினைவிருந்தது. சாவியைப் பிடுங்கியதும் நினைவிருந்தது. திருப்பினாளா? அது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் ஓடினாள். எதிர்வீட்டுக்காரி போனை எடுக்கவில்லை. ஒரு செருப்பு எங்கோ கழன்று போயிற்று. கதவைப் பூட்டிவிட்டு வந்தவள் நான்தானே, அவன் எப்படி வெளியே வருவான் என்று நினைத்ததும் இன்னும் வேகமாக ஓடினாள். போகிற வழியில் ஒருவர் வணக்கம் வேறு சொன்னார். நேரம் காலம் தெரியாத மனிதர்!

வாசலிலேயே தீய்ந்த நாற்றம். பூட்டில் சுவிட்ச் சாவியை விட்டாள். நுழையவில்லை. அடுத்த சாவியைப் போட்டுத் திறந்தாள்.

சமையலறை முழுக்கப் புகை. தண்ணீர் வற்றிப்போய்ப் பாத்திரத்தின் கைப்பிடி உருகிக்கொண்டிருந்தது. சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"கிட்ட போகாதே! சூடு!"

அவனைத் தாண்டிக் கையை நீட்டி, சுவிட்சில் சாவியை விட்டுத் திருப்பினாள். விளக்கு அணைந்தது. அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முகம், தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தாள். தீக்காயம் எங்கும் இல்லை. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் நகம் பிய்ந்து ரத்தம். சாவித் துளைக்குள் விட்டுத் திருகியிருக்கிறான்.

"என்னடா பண்ணே?" என்றாள்.

"நீ அணைடான்னு சொல்லல. நானே அணைச்சேன், அணைச்சேன்..." அவன் விம்மினான். "சாவி இல்லக்கா."