மீன்காரர் ஹாரன்

கூடுவாஞ்சேரி வீட்டு வாசலில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவதிலேயே என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். இப்போது வரும் ஹாரன்களின் கீச்சுக்குரல் எனக்கு ஆகாது. காயலான் கடையில் கிடந்த பழைய ஹாரன் ஒன்றை வாங்கி, என் காரில் மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கக் கடப்பாக்கம் பக்கம் போனேன். கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில் ஆடு ஒன்று மறித்தது. ஹாரனை அழுத்தினேன்.

முதலில் பூனைகள் ஓடி வந்து காரைச் சூழ்ந்தன. பின்னாலேயே பெண்கள் பாத்திரங்களோடு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

“இது மீன்காரரு ஹாரனாச்சே,” என்றாள் ஒருத்தி. “அந்த மனுசன் செத்து வருசம் ஆவுது. உனக்கு ஏதுப்பா இது?”

நான் பதில் சொல்வதற்குள் மீன்காரரின் மனைவி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. காரின் பின்கதவைத் திறந்து, யாரோ இறங்கும்வரை பிடித்திருப்பவள்போல நின்றாள். பிறகு சாத்தினாள்.

“வாய்யா, சோறு ஆறிடும்,” என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். அத்தனை பூனைகளும் அவளுக்குச் சற்றுப் பின்னால், யாருக்கோ இடம்விட்டு நடந்தன.

மெயின் ரோட்டுக்கு வந்து ஹாரனை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. ஒயரில் கரண்ட் வருகிறது. கழற்றிப் பார்த்துவிட்டேன், ஹாரனிலும் கோளாறு இல்லை. இன்றுவரை அது ஒலிக்கவில்லை.