எதிர் அரங்குக்கு மாறிப்போனவர்

அவர் இருக்கையை மாற்றிக்கொண்டது வெயிலுக்காகவா, என்னாலா?

பாத்திரம் கழுவும்போதும், மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுப் பேருந்துக்கு நிற்கும்போதும் இதைத்தான் யோசிக்கிறேன். ஒரு நாள் வெயில்தான் காரணம் என்று நம்புகிறேன். அடுத்த நாள் என் வாய்தான் காரணம் என்று படுகிறது. நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

டென்மார்க்கில், யூலாந்தின் நடுவே, ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சிறிய ஊருக்குத் தொழில்முறை உதைபந்தாட்ட அணி ஒன்று உண்டு. நான் அதன் ரசிகை. இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எந்தப் பந்து விளையாட்டையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. கலியாணமாகி இங்கே வந்து, மொழி படித்து, மகளும் பிறந்து வளர்ந்த பிறகு, பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டி பார்க்க இலவச ரிக்கெற் கொடுத்தார்கள். பிள்ளையோடு ஒரு பெரியவரும் போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்குப் பக்கத்து நகரமான பிராண்டேயில் வேலை. காற்றாலைக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை. வார இறுதியிலும் முறை மாறி மாறி வரும். ரிக்கெற்றை வீணாக்கினால் பாலர் பள்ளியில் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் நான் போனேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க டெனிஷ் பெண் ஒருவர் இருந்தார். குட்டையாக வெட்டிய தலைமயிர், அணியின் நிறத்தில் கழுத்துச் சால்வை, மடியில் கோப்பிக் குடுவை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எங்கள் அணி ஒரு கோல் போட்டது. போட்டதுதான் தாமதம், எல்லா வீரர்களும் பின்னுக்கு வந்து எங்கள் கோலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தட்டுத்தடுமாறிய டெனிஷில், யாரையும் பார்க்காமல் சத்தமாகக் கேட்டேன்.

"ஏன் எல்லாரும் வாசல்லயே நிக்கினம்? வெளியில போனா ஆரும் பிடிச்சுக் கொண்டு போயிடுவினமோ?"

அவர் மெதுவாகத் திரும்பினார். "நான் சின்னப் பிள்ளையில இருந்து இதைத்தான் கேக்கிறன்," என்றார். பிறகு குடுவையின் மூடியில் கோப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார்.

அடுத்த பருவத்துக்கு நானும் மகளும் சீசன் கார்ட் எடுத்தோம். அவருக்குப் பக்கத்து இருக்கைகள்தான்.

நான் ஒரு தளபாட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அரைநாள் வேலை செய்கிறேன். நல்ல மனிதர்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கதைக்கிற வேகத்துக்கு என்னால் ஓட முடிவதில்லை. சிரிக்க வேண்டிய இடத்துக்கு நான் போய்ச் சேரும்போது அவர்கள் அடுத்த கதையில் இருப்பார்கள். பிந்திச் சிரித்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்; சிரிக்காவிட்டால் கோபம் என்று நினைப்பார்கள். அதனால் பெரும்பாலும் தட்டில் இருக்கிற பாணைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். மைதானத்தில் அந்தத் தொல்லை இல்லை. பந்து எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் ஒரே நேரத்தில்தான் போகிறது. பிழை நடந்தால் எனக்கும் அப்போதே தெரியும், அவருக்கும் அப்போதே தெரியும். பிறகு அதைப்பற்றிக் கதைப்பதற்கு எனக்கிருந்த சொற்களே போதுமாக இருந்தன.

கதைத்தோம் என்பதைவிடச் சண்டை பிடித்தோம் என்பதுதான் சரி. இடதுகாலால் உதைக்கிற இளைஞன் ஒருவனைப் பயிற்றுவிப்பாளர் எந்நேரமும் மாற்று வீரர்களின் வாங்கிலேயே வைத்திருந்தார். அவனைத் தொடக்கத்திலிருந்தே இறக்க வேண்டும் என்பது என் கட்சி. "அவன் முன்னுக்கு ஓடுவான், பின்னுக்கு வரமாட்டான்," என்பது அவர் கட்சி. "மற்றப் பத்துப் பேரும் பின்னுக்குத்தானே நிக்கினம், இவனும் ஏன்?" என்று கேட்பேன். "நீர் சொல்றது பிழை," என்பார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கோர்னர் உதைக்கும்போது தூரத்துக் கம்பத்தடியில் எங்கள் ஆள் ஒருவரும் நிற்பதில்லை என்பதில் மட்டும் நாங்கள் ஒற்றுமை. நன்றாக விளையாடத் தொடங்குகிற ஒவ்வொருவனையும் கோடை விடுமுறைக்குள் கோப்பன்ஹேகன்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதிலும்.

கையால் கோலுக்குள் எறிந்து விளையாடுகிற எங்கள் ஊர்ப் பெண்களின் கைப்பந்து அணியையும் நான் விடாமல் பார்ப்பேன். உண்மையில் ஊரில் திறமான அணி அதுதான். பத்திரிகையில் ஒரு மூலைதான் அவர்களுக்குக் கிடைக்கிறது என்பது எனக்கு நெடுநாள் ஆத்திரம். அதையும் அவரிடம் கொட்டினேன்.

"கைப்பந்து எனக்குச் சரிவராது," என்றார் அவர். "கோல் அள்ளிக் கொட்டும். கவலைப்படவே நேரம் விடமாட்டினம்."

நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த முறை நான் பிந்திச் சிரிக்கவில்லை.

வீட்டில் இதற்கு மதிப்பு இல்லை. கணவருக்கும் அவருடைய சிநேகிதர்களுக்கும் இங்கிலாந்து அணிகள்தான் உதைபந்தாட்டம். சனிக்கிழமைகளில் எங்கள் வரவேற்பறையில் கூடித் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார்கள்.

"இவள் 'எங்கட ரீம்' எண்டுறாளடாப்பா! உங்கட ஆக்கள் போன கிழமை எத்தினை கோல் வாங்கினவை?" என்று ஒரு நாள் கணவர் கேட்டார்.

"ரெண்டு."

"குடுத்தது?"

"ஒண்டுமில்லை."

"உவையை வெல்ல எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெடியளே காணும்," என்றார் ஒரு சிநேகிதர். "அக்கா, பேசாமல் இங்கிலாந்துப் பக்கம் வாங்கோ."

"நீங்கள் கால் வைக்காத ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துறியள்," என்றேன். "எங்கட கோல்கீப்பர் போன கிழமை கடையில பால் வாங்கேக்க எனக்குப் பின்னால நிண்டவர். உங்கட ஆள் நிண்டவரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்கள், நான் தேத்தண்ணி போடப் போனேன். எனக்குத் தெரிந்த தமிழர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்ததில்லை. கதைப்பதற்கு எனக்கு இருந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான், அதுவும் போட்டி நடக்கிற நேரம் மட்டும். ஒருமுறை கடையில் அவரைக் கண்டு கையைத் தூக்கினேன். தலையை ஆட்டிவிட்டுத் தயிர் எடுக்கப் போய்விட்டார். இந்த ஊரில் அதுதான் வழக்கம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு போட்டியில் படுமோசமாகத் தோற்றோம். அன்று இரண்டாம் பாதி முழுவதும் நான்தான் கதைத்தேன். பயிற்றுவிப்பாளர், கோர்னர், வாங்கில் இருக்கிற இடதுகால்காரன், எல்லாம். அவர் "ம்" என்றார். பிறகு அந்த "ம்"மும் நின்றுவிட்டது. முடிந்ததும் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "கவனமாப் போங்கோ," என்றார்.

அடுத்த போட்டிக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. இருக்கை வெறுமையாகக் கிடந்தது.

"ஃபோன் பண்ணிக் கேளன்," என்றார் கணவர்.

"நம்பர் தெரியாது."

"பேர்?"

முதற்பெயர் மட்டும்தான் தெரியும். அதையும் அவர் சொல்லி நான் அறியவில்லை. முன்வரிசைக்காரர் கூப்பிட்டபோது காதில் விழுந்தது. கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை அவருடைய பகிடிகளைவிடச் சுட்டது.

எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். தெரிந்தவர் ஒருவரைக் கொஞ்சநாள் காணவில்லை என்றால் உடம்புக்கு வருத்தமாக்கும் என்று நினைத்து, சாப்பாடும் பழமும் கட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவோம். முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவதுதான் எங்களிடம் மரியாதைக் குறைவு. அவருடைய வீடு படகுத்துறைக்குப் போகிற தெருவில் கடைசி, வாசலில் கொடிக்கம்பம் என்று முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். கோழி ரசம் வைத்தேன். அவருக்கு உறைக்குமோ என்று மிளகைக் குறைத்தேன். குறைத்தது சப்பென்றிருக்க, கொஞ்சம் கூட்டினேன். கூட்டியது கூடிவிட்டதோ என்று மகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். சூடாறாத குடுவை ஒன்றில் ஊற்றி, தோடம்பழங்களும் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிப் போனேன்.

மணியை அடித்ததும் கதவு திறந்தது. அவர்தான். கையில் பெயின்ற் தூரிகை, கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. நல்ல சுகத்தோடு நின்றார்.

"நீரோ?" என்றார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "என்ன நடந்தது?"

"உங்களைக் காணேல்லை. வருத்தமோ எண்டு பாக்க வந்தனான்."

"எனக்கோ? இல்லையே." தூரிகையை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் எதிர்ப்பக்கத்துக்கு மாறிட்டன். எங்கட பக்கம் ஒரே நிழல். அங்கால வெயில் படும்."

அப்போதுதான் என் மகள், ஒரு தமிழ் வசனத்துக்கே நாங்கள் கெஞ்ச வேண்டிய பிள்ளை, தெளிவான டெனிஷில் கேட்டாள்.

"எங்கட அம்மா கனக்கக் கதைக்கிறதாலயோ மாறினனி?"

அவர் உரக்கச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது வருகிற சிரிப்பு அது. அவர் குனிந்து மகளிடம் சொன்னார், "வெயில், கண்ணு. வெயில்."

உள்ளே வரச் சொல்லவில்லை. பெயின்ற் காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்றார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, குடுவையை இரண்டு கைகளாலும் வாங்கினார். "இப்பிடி ஒருத்தரும் எனக்குச் செய்ததில்லை," என்றார். அது நன்றியா, இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்பதா என்று திரும்பி வருகிற வழி முழுதும் யோசித்தேன். மகள் ஒரு தோடம்பழத்தை ஒளித்துவைத்திருந்தாள். பாதி வழியில் அதை உரிக்கச் சொல்லித் தந்தாள்.

இரண்டொரு நாள் கழித்து, நான் வேலையால் வந்தபோது குடுவை எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு பையில் தொங்கியது. பளிச்சென்று கழுவி, துடைத்து. எங்கள் குடியிருப்பு எது என்று முன்பு சொல்லியிருந்தேன்; எந்தக் கதவு என்று மேல்வீட்டுத் தமிழ் அக்காவிடம் கேட்டிருக்கிறார். மணியை அடித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. எங்களிடம் என்றால் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். இவர்களுக்கோ அழுக்கில்லாமல் கொடுப்பதே மரியாதை. இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்துகொண்டும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

இப்போது அவருடைய பழைய இருக்கையில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்ட ஒரு பையன் இருக்கிறான். வசந்தத்தில் ஒரு போட்டி. மழைத்தூறல், இரண்டு பக்கமும் வெயில் இல்லை. பயிற்றுவிப்பாளருக்கு என்ன தோன்றியதோ, இடதுகால்காரனைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார். அவன் கோர்னர் கொடிக்குப் பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, தூரத்து மூலைக்குள் ஒரு கோல் போட்டான். அவன் பின்னுக்கும் ஓடிவந்தான், அதையும் பார்த்தேன். அரங்கம் எழும்பியது. "சொன்னனானெல்லோ!" என்று பக்கத்தில் திரும்பினேன். தமிழில்தான் வந்துவிட்டது. பையன் ஒரு காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்து, "என்ன?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

எதிர் அரங்கில் அவரைத் தேடினேன். அந்தத் தூரத்தில் எல்லோருடைய சால்வையும் ஒரே நிறம்தான். அவரும் எழும்பி நின்றிருப்பார். நான் வென்ற அந்த வாதத்தை அவர் நினைத்திருப்பாரா, தெரியாது.

அன்று இரவு கணவரிடம் கோலைப் பற்றிச் சொன்னேன். அவர் அலைபேசியில் அந்தக் காட்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கோல்தான்," என்றார். பகிடி விடவில்லை. பிறகு, "அவ இருக்கிற பக்கத்துக்கு மாறன் நீயும்," என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார்.

பருவம் முடியப் போகிறது. அதே இருக்கைதானா, மாற்ற வேண்டுமா என்று அணி அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் இந்த இருக்கைகளும் வேறு யாருக்கோ போய்விடும். எதிர்ப்பக்கம் அவருடைய இருக்கை எது என்று முன்வரிசைக்காரர் சொன்னார்; அதற்குப் பின்வரிசையில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. கணினியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். வெயிலுக்காக மாறியவர் என்றால், நான் போய் உட்கார்ந்ததும் கோப்பி ஊற்றித் தருவார். என்னிடமிருந்து தப்பி மாறியவர் என்றால், நான் துரத்திக்கொண்டு வந்தவளாகிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் எங்கே மாறுவார்? போகாமலே இருந்தால், எந்தக் கோலுக்கும் அந்தப் பையனின் தோளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் என்னைவிடக் கூடக்காலம் இருந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். வேலைத்தலத்திலோ, பேருந்திலோ, பிள்ளைகளின் விளையாட்டிலோ, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரோடு இப்படிப் பழகி, பிறகு அவர் தள்ளிப் போன அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? அவரிடம் நேரே கேட்டுவிட்டு மாறுவதா, கேளாமல் மாறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை எனக்கு எழுதுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.