தடுக்கின் தடம்

என் காலில் பதிந்த தடுக்கின் தடம் உச்சிவேளை வரை மறையவில்லை. அதை மாதா தந்த அடையாளம் என்று நினைத்தேன். நான் பிள்ளையைப் பறிகொடுத்தது அங்கேதான் தொடங்கியது, தாய்மாரே. அழாமல் சொல்லி முடிப்பேன் என்று உறுதி தர மாட்டேன்.

எங்கள் ஊர் ஆவூர். கல்யாணமாகிப் பல வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. 1957இல், ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில், தினமும் காலைப் பூசை முடிந்ததும் மாதா பீடத்துக்கு முன் பனையோலையில் முடைந்த சின்னத் தடுக்குப் பாயில் முழந்தாளிட்டு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்வதாக நேர்ந்துகொண்டேன். அந்த வருஷமே மாதா கண் திறந்தாள். ஆகஸ்டு மாதா திருநாளின்போது நான் முழுகாமல் இருந்தேன்.

நன்றிக்கடனாக அடுத்த தபசிலும் முழந்தாளிட்டேன். எழுந்தால் தடுக்கின் பின்னல் முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் அப்படியே பதிந்திருக்கும். முன்பெல்லாம் வீடு சேர்வதற்குள் மறைந்துவிடும். இப்போது உலை வைத்து, சோறு வடித்த பிறகும் இருந்தது. என் வீட்டுக்காரரின் அக்காள் அன்னம்மா மதினி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடி ஆத்தி! மாதா ஒன் வேண்டுதலை ஏத்துக்கிட்டாடி லூர்து. காலுல முத்திரை போட்டு அனுப்பியிருக்கா பாரு."

தெருப் பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கால் வீங்கியது, முகம் ஊதியது, தலை பிளந்துவிடும்போல் வலித்தது. "மாசமா இருக்கிறவளுக்கு இதெல்லாம் வரத்தானே செய்யும்" என்றார் மதினி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் கண் மங்கியது. முன்னால் நின்றவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. வலிப்பு வந்து விழுந்தவளை வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஸ் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அங்கே டாக்டரம்மா என் முன்னங்காலில் கட்டைவிரலால் அழுத்தினார்களாம். விழுந்த குழி விழுந்தபடியே நின்றது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினால் தயிராகத் திரிந்தது.

"முழந்தாள் போட்ட தடம்தாங்க அது" என்றாராம் மதினி.

"இருதயம் கெட்டாலும், ரத்தம் சுண்டிப்போனாலும், சிறுநீரகம் பழுதானாலும் தடம் இப்புடி நிக்கும்மா. இவங்களுக்கு மாசமா இருக்கப்ப ரத்த அழுத்தம் ஏறி, ஒடம்புல நீர் கோத்திருக்கு. அப்பவே கூட்டியாந்திருக்கலாமே!"

மதினி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு உயிரில் ஒன்று தங்குவதே சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு நினைவு வந்தபோது உயிர்த்த ஞாயிறு காலை. வயிற்றைத் தடவினேன். ஒட்டிக் கிடந்தது.

"ஏங்க, பிள்ளை எங்கங்க?"

தலைமாட்டில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினிதான் சொன்னார். ஆண் பிள்ளையாம். மூச்சில்லாமலே பிறந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று, அங்கேயே கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வேலி ஓரமாகப் புதைத்திருந்தார்கள். பெயர்கூட வைக்கவில்லை. முகத்தை நான் பார்க்கவே இல்லை, தாய்மாரே. மார்பில் பால் மட்டும் கட்டிக்கொண்டு வலித்தது.

"தினமும் கேட்டேனே மாதாவே! குடுத்துட்டுப் பறிச்சுட்டியே!" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். என்னைப் பிடிக்க அவர் குனிந்தபோது வேட்டி விலகி முட்டி தெரிந்தது. முட்டி முழுக்கச் சரளைக்கல் பதிந்த தடம். என் வீட்டுக்காரர் கோயில் வாசலோடு நின்றுவிடுகிற ஆள். அவர் முழந்தாளிட்டு நான் பார்த்ததே இல்லை.

"வெளிய கல்லுல முட்டி போட்டுக் கெடந்தேன்" என்றார். "ஒன்னயக் குடுத்துருன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல, லூர்து."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆண்டவர் அவர் செபத்தைக் கேட்டிருந்தார். என் செபம் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மோட்சத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பேன், விடமாட்டேன். ஆனாலும் உயிர் தந்தவருக்கு நாள் தவறாமல் தோத்திரம் சொல்கிறேன்.

அவர் முட்டியின் தடம் என் கண்ணெதிரே கொஞ்ச நேரத்திலேயே மறைந்துவிட்டது; நல்ல உடம்பில் தடம் தங்காது.

பிறகு எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இப்போது கோயிலில் மாசமான பெண் யார் வந்தாலும் பக்கத்தில் போய் முழந்தாளிடுகிறேன். செபம் முடிந்ததும் அவள் முன்னங்காலை அழுத்திப் பார்க்கிறேன். குழி நின்றுவிட்டால் மதினியே ஓடிப்போய் வண்டி கட்டச் சொல்வார்.

மாதாவை நம்பி வாருங்கள், தாய்மாரே. நம்பிக் கேளுங்கள். எழுந்ததும் வெட்கப்படாமல் காலை என்னிடம் காட்டுங்கள். வேலி ஓரத்தில் என் பிள்ளை ஒருவன் கிடப்பது போதும்.