அண்ணனுக்கு வராத பென்ஷன்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. படையல் முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவி வந்த உங்கள் கையில் இந்த மலரைத் தருகிறோம். இப்படிப்பட்ட மலரில் இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி, கீழே குடும்பத்தார் பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எழுத உட்கார்ந்தால் உள்ளதை எழுதித்தான் பழக்கம். படிக்கும்போது யாருக்காவது மனம் சுருக்கென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் சரி, முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்த ஊர் எது என்று கேட்டால் நிலக்கரிச் சுரங்கத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கள் தெரு இருந்த இடத்தில் இப்போது மண் வெட்டும் இயந்திரம் நிற்கிறது. அதற்காக நான் அழப்போவதில்லை. அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு பிடி மண்ணும் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் பண்ணையாட்கள். ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்திய லேபர் ஸ்கூலில் அண்ணன் எட்டாவது வரை படித்தார். மேலே படிக்க வழியில்லாமல் பண்ணையில் ஏர் பிடித்தார். மாலையில் வந்து தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். அப்படித்தான் நானும் படித்தேன். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியபோது, "பொட்டப்புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பறியே" என்று அம்மா அழுதார். "அழுவாதம்மா, அவ சம்பளம் வாங்கி உனக்குப் பொடவ எடுத்துத் தருவா" என்று சொல்லி, என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அண்ணன்.

நாட்டின் முதல் பொதுத் தேர்தல் வந்தது. அப்போது எங்கள் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒன்று பொது இடம், மற்றது எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கிய இடம். பொது இடத்துக்கு நின்றவருக்கு நெல் அரைக்கும் மிஷினும் தோப்பும் இருந்தன. ஒதுக்கிய இடத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேடி அண்ணனைப் பிடித்தார்கள். இருவருமே ஜெயித்தார்கள். அண்ணன் சட்டசபைக்குப் புறப்பட்ட அன்று வடலூர் ரயிலடிக்கு எங்கள் தெருவே திரண்டு வந்தது. இரவல் சட்டை தோளில் பிடித்ததால் கையை முழுதாகத் தூக்கிக் கும்பிடக்கூட அவரால் முடியவில்லை.

ஐந்தாண்டு அங்கே இருந்தார். சம்பளமும் படியும் வந்த கையோடு, ஹாஸ்டலில் தங்கிப் படித்த எங்கள் ஜனப் பிள்ளைகளுக்குப் போய்விடும். நமக்கு நாளைக்கு வேண்டுமே என்ற யோசனையே அவருக்குக் கிடையாது. பழுப்பு நிலக்கரிக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நிலம் வைத்திருப்பவருக்குப் பணம் வரும், அந்த நிலத்தில் உழைத்தவருக்கு என்ன வரும் என்று சபையில் எழுந்து கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கள் தெருவில் சிலருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது அப்படித்தான். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர்.

அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றார். நெல் மிஷின்காரரும் தோற்றார். அவர் மிஷினுக்குத் திரும்பிப் போனார். அண்ணன் எங்கே திரும்பிப் போவது? பழைய பண்ணை நிலத்தைச் சுரங்கத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு நடப்பதாகக் கேள்விப்பட்டு வேலை கேட்டுப் போனார். நிலக்காரர் பதறி எழுந்து நாற்காலி போட்டார்.

"எங்க வயல்ல நீங்க சேத்துல எறங்கறதா? நல்லா இருக்குதுங்க ஞாயம்! உங்களுக்குத்தான் கெவருமெண்டு பென்ஷன் குடுக்குதே" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எடுத்திருந்த மேஸ்திரி ஒருவரிடம் போனார். மண் சுமக்கவும் தயார் என்றார். மேஸ்திரி சிரித்துவிட்டார். "நீங்க கூட நடந்தா என் ஆளுங்க எப்பிடிங்க மண்ணு தூக்கும்? உங்களக் கும்புட்டுகினே நிக்கும். அதுவும் மாசா மாசம் பென்ஷன் வாங்கறவரு, பாவம், ஒரு ஏழையோட கூலிய எதுக்குங்க கெடுக்கறீங்க?"

உறவினர்களே, நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள். உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டாளத்திலிருந்து வந்து சுரங்க கேட்டில் காவல் நிற்பவருக்குப் பென்ஷன் உண்டு. தாலுக்கா ஆபீசில் டவாலி போட்ட சேவகராக இருந்தவருக்கும் உண்டு. அப்படியென்றால் சட்டம் போடும் இடத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்கு இல்லாமலா இருக்கும்? இல்லை என்பதுதான் உண்மை. பதவி போன அன்றோடு எல்லாம் போயிற்று. ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லித் தரும் எனக்கு ஓய்வூதியம் உண்டு. என்னைப் படிக்கவைத்து, சட்டசபைக்கும் போய் வந்த அண்ணனுக்குக் கிடையாது.

அண்ணி முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகளும் இல்லை. அதனால் அண்ணன் சுரங்க நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். சுரங்கத்துக்கும் ஆலைக்குமாக எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கும் பிளாக் அது. எல்லாருக்கும் அவர் 'எம்.எல்.ஏ. ஐயா'. மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள், எழுதித் தருவார். ஆனால் கூடப்பிறந்தவள் வீட்டுக்குச் சீர் கொண்டுவர வேண்டியவன் அவள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானே என்ற வேதனை அவருக்கு ஒரு நாளும் தணியவில்லை. முதல் சோற்றோடு இலையை மூடிவிடுவார். "பசி இல்லம்மா" என்பார். பசி இருந்தது எனக்குத் தெரியும்.

என் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். தாய்மாமன் சீர் வரிசை எப்போது வரும், மேளம் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் ஒரு தட்டில் நூல் புடவையும் தேங்காயும் பூவும் வைத்துத் தனியாக எடுத்துக்கொண்டு வந்தார். எதை விற்று அந்தப் புடவையை வாங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "மாசம் பொறந்தா பென்ஷன் வாங்கறாரு, அத என்னாதான் பண்றாரு? பூட்டிப் பூட்டி வச்சிகினு இருக்காரா?" என்று பந்தலில் ஒரு குரல் கேட்டது. யார் என்று எழுதவில்லை. அண்ணன் காதிலும் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு மருமகளுக்கு மாலை போட்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "பென்ஷன் கெடையாதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்னாண்ணா? கொறஞ்சா பூடுவ?"

"சொல்லலாம்மா" என்றார். "சொன்னா, அஞ்சு வருசம் அங்க குந்தினவனே சோத்துக்கு நிக்கறான்னு தெரு பூரா தெரிஞ்சிபூடும். அப்புறம் நம்ம தெருவுலேர்ந்து எவன் எலெக்‌ஷன்ல நிப்பான்? மிஷின் வச்சிருக்கறவன்தான் நிப்பான். இருக்குதுன்னே நெனச்சிக்கட்டும், வுடு."

இதற்காகத்தான் அந்த மனிதர் எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்.

பிறகு மூன்றாவது பொதுத் தேர்தல் வந்தது. இப்போது இரட்டை உறுப்பினர் முறை இல்லை. தொகுதிக்கு ஒரே இடம், அதுவும் எங்கள் மக்களுக்கே ஒதுக்கியது. எங்கள் பழைய தெரு ஆட்களில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சுரங்கத்தில் பர்மனெண்ட் ஆகியிருந்த ஒருவர் அண்ணனிடம் ஆசி வாங்க வந்தார். நல்ல பேச்சாளர், நியாயமானவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. அண்ணனைப் பார்த்த மாத்திரத்தில் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு நிக்கப் போறேன் மாமா. ரெண்டு கொழந்த இருக்குது, பயமாத்தான் இருக்குது. ஆனா ஜெயிச்சி, அப்புறம் தோத்தாக்கூட உங்களாட்டம் பென்ஷன் வருமில்ல, அந்தத் தைரியந்தான்."

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பல காலமாக மனத்தில் ஆசைப்பட்டிருந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிற்பார்.

"அப்பிடி ஒண்ணும் கெடையாதுப்பா" என்றார் அண்ணன். "எனக்கு ஒரு காசு வர்றதில்ல. தங்கச்சி சோத்துலதான் இருக்கேன். புள்ளகுட்டிக்காரன் நீ. வேலைய வுட்டுடாத. யாருகிட்டயும் இத சொல்லாத."

அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார். காபி ஆறிப்போனது. குடிக்காமலே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அந்தத் தேர்தலில் நின்று ஜெயித்தவரும் எங்கள் ஜனந்தான். நெல் மிஷின்காரரிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதலாளியைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்று ஊர் முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "நாந்தாம்மா அந்தப் புள்ளய நிக்கவுடாம பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மனு எழுதித் தருவதையும் நிறுத்திவிட்டார். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காய்ச்சல் வந்ததும் இருமல் வந்ததும் பிறகுதான். ஆனால் மனிதர் அன்றைக்கே போய்விட்டார் என்றுதான் நான் சொல்வேன். கடைசி நாட்களில் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து கஞ்சி புகட்டினால் மட்டும் இரண்டு வாய் குடிப்பார். ஒரு விடியற்காலையில் அதுவும் இறங்கவில்லை.

அண்ணன் நோயுற்றிருந்தபோது முகம் சுளிக்காமல் உதவிய எங்கள் பிளாக் அக்கம்பக்கத்தாருக்கும், பாடை தூக்கத் தோள் கொடுத்த சுரங்கத் தொழிலாளர்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்ப் போன, நான் பெயர் எழுதாத அந்தத் தம்பிக்கும், வெளியூர்களிலிருந்து வந்து துக்கத்தில் பங்கெடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருமாதி அன்று உங்களில் பலர் என்னைத் தனியே அழைத்து, "அந்தப் பென்ஷன் இனிமே யாருக்கும்மா வரும்? உனக்கு எழுதி வச்சிட்டுப் போனாரா?" என்று கேட்டீர்கள். அன்று அழுகையில் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அண்ணன் இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டார். மறுபடியும் தேர்தல் வரப்போகிறது. இதைப் படித்தபின் எங்கள் தெரு ஆட்களில் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வயிற்றைக் கட்டிக் காப்பாற்றியதை இந்தத் தாளில் நான் அழித்துவிட்டேன் என்பதும் தெரியும். இன்னொரு வீட்டுத் தங்கை தன் அண்ணன் இலையை மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, அந்தச் சட்டசபை இடத்தில் மிஷின்காரரின் ஆளே உட்கார்ந்திருக்கட்டும்.