இரண்டாந்தரம் கேட்காதவர்கள்

மச்சாளுக்கு நாற்பது தாண்டித்தான் கலியாணம் நடந்தது. என் மனைவியின் தங்கை அவள். அக்கராயனில் பெற்றோர் விட்டுப்போன வயலைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். மாப்பிள்ளை ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவர். பதிவு முடிந்து, விடுமுறையும் முடிந்து அவர் திரும்பிப் போய்விட்டார். இவள் பின்னால் போவதென்றால் ஜெர்மன் மொழியில் ஆரம்பப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும்.

எந்த விண்ணப்பத்துடன் எந்தப் பிரதியை இணைப்பது, அதில் யார் கையொப்பமிடுவது என்பதெல்லாம் அரசாங்கக் கந்தோரில் வயது போன எனக்கு மனப்பாடம். ஒரு மொழியைப் பிரதி எடுத்து இணைக்கும் வசதியை மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் தரவில்லை.

கிளிநொச்சியில் வகுப்பு முடிந்ததும் அக்கராயன் பஸ் வரும்வரை எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து வினைச்சொற்களைப் பாடமாக்குவாள். ஒருநாள் குடிப்பதற்குரிய சொல் வந்தது. ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்காக அடிவாங்கிப் படித்த டிரிங்க், டிராங்க், டிரங்க் என் காதில் விழுந்தது. ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேலை? வெளிநாடுகளில் சிதறியிருக்கும் சகோதரங்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரணையை ஆரம்பித்தேன். ஒல்லாந்துத் தங்கை டிரிங்க்கன் என்றாள். நோர்வேத் தம்பி, தங்களிடம் நடுவில் ‘ங்’ இல்லை, டிரிக்கெ என்றான். ஜெர்மன்காரர் மட்டும் முதல் எழுத்தைப் ‘பட்டம்’ என்பதில் வருவதுபோல வல்லினமாக அழுத்துகிறார்கள். மற்றவர்களுடையது ‘படம்’ என்பதில் வரும் மெல்லிய ஒலி. உள்ளே இருக்கும் உயிரொலி மாறும் விதமோ எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு தேடி வாசித்தேன். லத்தீனும் சமஸ்கிருதமும் குடிப்பதற்குத் தமக்குள் உறவான வேறு சொல்லை வைத்திருக்கின்றன. ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த இந்த வட ஐரோப்பியக் குடும்பத்துச் சொல்லுக்கு வெளியே நிச்சயமான சொந்தம் எதுவும் அகப்படவில்லை. ‘இழு’ என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். காணி இருக்கிறது, ஆண்டு அனுபவிக்கிறார்கள், உறுதிப் பத்திரத்தை மட்டும் காணவில்லை. வன்னியில் இது ஒரு புதினமில்லை.

“அத்தான், சோதனை எனக்கோ உங்களுக்கோ?” என்று மச்சாள் கேட்டாள்.

சோதனை அவளுக்குத்தான் என்பது மாதிரிப் பரீட்சையில் தெரிந்தது. படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்து, அதிலுள்ள பொருளை எதிரில் இருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவளுக்குத் தண்ணீர்க் குவளை வந்தது. பிறர் வீட்டில் வாய்திறந்து தண்ணீர் கேட்டு வளர்ந்தவள் அல்ல அவள். அவர்கள் கேட்க வேண்டும், நாம் மறுக்க வேண்டும், அவர்கள் திரும்பக் கேட்க வேண்டும், நாம் கொஞ்சம் மெதுவாக மறுக்க வேண்டும், அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். அட்டையைப் பார்த்தவள், பிழையே இல்லாத ஜெர்மன் மொழியில், “வேண்டாம், நன்றி, இப்பதான் குடிச்சனான்” என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. வகுப்பு சிரித்தது. அந்தப் பகுதிக்குப் புள்ளி பூச்சியம்.

வந்து புத்தகங்களை மேசையில் போட்டாள். “வயலை விக்காமல் விட்டது நல்லதாப் போச்சு. எனக்குப் பாடம் வரும் அத்தான். கேக்கிறதுதான் வராது. அந்த மனிசனுக்கு என்னத்தைச் சொல்லுறது?”

குசினியிலிருந்து மனைவி தேத்தண்ணி வேண்டுமா என்றாள். “வேண்டாமக்கா, இப்பதான் குடிச்சனான்” என்றாள் இவள்.

அப்போதுதான் நோர்வேக் கதையைச் சொன்னேன். தம்பியிடம் போயிருந்தபோது அயல்வீட்டு அம்மா ஒருவர் கோப்பிக் கேத்தலுடன் வந்து டிரிக்கெ என்ற அதே சொல்லால் கேட்டார். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கேத்தலை உள்ளே கொண்டுபோய்விட்டார். நடைமுறை தெரிந்தவன் என்பதால் இரண்டாம் கேள்விக்காக இருந்தேன். இன்றைக்கும் அது வரவில்லை.

மச்சாள் சிரித்துவிட்டாள். “அப்ப அவையளுக்கு மரியாதை தெரியாதோ?”

“தெரியும். நீர் சொல்லுறதை அப்பிடியே நம்புறதுதான் அவையளின்ர மரியாதை.”

அன்றிலிருந்து மனைவி ஒரு சட்டம் போட்டாள். கேட்டால்தான் தேத்தண்ணி. மச்சாள் காய்ந்த தொண்டையுடன் பஸ் ஏறினாள். மனைவிதான் கூடுதலாகத் துன்பப்பட்டாள். கேத்தல் கொதிக்கும், அவள் வாயை இறுக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். கடைசியில் வறண்ட கச்சான் காற்று வீசிய ஒரு பின்னேரம், மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு, ‘குடிக்க ஏதும் கிடைக்குமா’ என்பதை ஜெர்மன் மொழியில் கேட்டாள். அந்த வாக்கியத்தில் வினைச்சொல் நம்முடையதைப்போலக் கடைசியில்தான் வரும். மனைவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் வினைச்சொல்லுக்கு முன்பே தேத்தண்ணி வந்துவிட்டது.

கொழும்பில் நடந்த பரீட்சையில் அவளுக்குக் குவளை அட்டை வரவில்லை, பேனை அட்டை வந்தது. கேட்டாளாம், கிடைத்ததாம். சித்தியடைந்துவிட்டாள். விசாக் கோப்பு இப்போது வரிசையில் இருக்கிறது. வரிசைகள் நகரும் என்பது என் அனுபவம், எப்போது என்பதைத்தான் எந்த வரிசையும் சொல்லாது. அவள் குளிருக்கு உடுப்பு வாங்கத் தொடங்கிவிட்டாள். இந்தப் போகத்துக்கு வயலைக் குத்தகைக்கும் கொடுத்துவிட்டாள்.

போன கிழமை வந்தபோது மனைவி பழக்கதோசத்தில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள்.

“ஓம் அக்கா, தாங்கோ.”

இரண்டாந்தரம் கேட்க ஆயத்தமாக நின்ற மனைவிக்கு அடுத்து என்ன செய்வதென்று விளங்கவில்லை. பிறகுதான் குசினிக்குப் போனாள். ஒரு கோப்பை முடிந்ததும் இன்னொன்று வேண்டுமா என்றாள்.

மச்சாள் உண்மையாகவே வேண்டாம் என்றாள்.

மனைவி ஊற்றினாள். அவள் குடித்தாள்.